தேடினால் கிடைக்க வேண்டும்: அறிவுத் தொகுப்பும் வடிகட்டியும்



எந்த இளைஞர் இயக்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தாலும் வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்தக் கேள்வி வந்திருக்கும். "அண்ணா, போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட நகராண்மைக் கழகத்துக்கு எழுதின கடிதம் யார்கிட்ட இருக்கு?" அதற்கு வரும் பதிலும் நமக்குத் தெரியும். "பழைய போன்ல இருந்துச்சு தம்பி. அந்த போன் இப்ப இல்ல."

செயலவை மாறுகிறது. மூத்தவர்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போகிறார்கள், திருமணமாகி வேறு மாநிலத்துக்குப் போகிறார்கள். அவர்களோடு சேர்ந்து போவது கோப்பு மட்டும் இல்லை, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரமும்தான். கோப்பு கூகுள் டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அது "புதியது 2", "கடைசி", "கடைசி உண்மையிலேயே" என்ற மூன்று பெயர்களில் மூன்று இடத்தில் இருக்கும். தேடிக் கிடைக்காத குறிப்பும் இல்லாத குறிப்பும் அவசர நேரத்தில் ஒன்றுதான்.

இந்தப் பாடம் அதைப் பற்றியது. ஓர் இயக்கத்தின் குறிப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து, வேண்டியதை மட்டும் சலித்து எடுக்கும் தொகுப்பாக எப்படி அமைப்பது? நான் பொறியியல் மாணவன். எங்கள் வட்டாரக் குழுவுக்கு இதைச் செய்து பார்த்ததால் எழுதுகிறேன். கணினி படிக்காதவர்களும் செய்யலாம். இதில் கணினி வேலை கொஞ்சம்தான், யோசிக்கிற வேலைதான் அதிகம்.

பெட்டிக்குள் பெட்டி

நாம் எல்லாரும் பழகியது கோப்புறை முறை. பெரிய பெட்டி, அதற்குள் சின்னப் பெட்டி, அதற்குள் இன்னும் சின்னது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தாளை ஒரு பெட்டியில்தான் வைக்க முடியும். 2024ஆம் ஆண்டு முகாமின் செலவுக் கணக்கை எங்கே வைப்பது? "முகாம்" பெட்டியிலா, "கணக்கு" பெட்டியிலா, "2024" பெட்டியிலா? முகாம் பொறுப்பாளர் ஒன்று சொல்வார், பொருளாளர் இன்னொன்று சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

இந்தக் குழப்பம் கணினி வந்த பிறகு வந்தது என்று நினைக்காதீர்கள். நம் தேவார வகுப்பிலேயே இது இருக்கிறது. தேவாரப் பதிப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை இரண்டு அடைவில் வரும். ஒன்று பண்முறை, அதாவது ஒரே பண்ணில் பாடிய பதிகங்கள் எல்லாம் சேர்ந்து வருவது. இன்னொன்று தலமுறை, அதாவது ஒரே தலத்துக்குப் பாடிய பதிகங்கள் எல்லாம் சேர்ந்து வருவது. பாடக் கற்றுக்கொள்பவருக்குப் பண்முறை வசதி. தமிழ்நாட்டுக்கு யாத்திரை போகிறவருக்குத் தலமுறை வசதி. பதிகம் அதேதான், தேடி வருகிறவர்தான் வேறு. தாளில் அச்சடிக்கும்போது இரண்டு அடைவு வேண்டுமென்றால் இரண்டு புத்தகம் போடுவதைத் தவிர வழியில்லை.

மூன்று பதிகங்களை எடுத்துக்கொள்வோம். முதல் திருமுறையின் முதல் பதிகம் சம்பந்தர் பாடியது, தலம் சீர்காழி, பண் நட்டபாடை. நான்காம் திருமுறையின் முதல் பதிகம் அப்பர் பாடியது, தலம் திருவதிகை, பண் கொல்லி. ஏழாம் திருமுறையின் முதல் பதிகம் சுந்தரர் பாடியது, தலம் திருவெண்ணெய்நல்லூர், பண் இந்தளம். ஒவ்வொரு பதிகத்துக்கும் நாலு விவரம் இருக்கிறது: ஆசிரியர், தலம், பண், திருமுறை. இந்த நாலையும் அந்தப் பதிகத்தின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் அதை எந்தப் பெட்டியில் போட்டாலும் கவலை இல்லை. "கொல்லிப் பண்ணில் உள்ளதை மட்டும் காட்டு" என்று கேட்டால் ஓர் அடைவு. "சீர்காழிக்குப் பாடியதை மட்டும் காட்டு" என்றால் வேறோர் அடைவு. ஒரே குவியலிலிருந்து வேண்டும்போது வேண்டிய புத்தகம். வடிகட்டி என்று நான் சொல்வது இதைத்தான்.

சீர்காழிக்காரர் ஒருவர்

இந்த யோசனையை நூலகத் துறையில் முழு முறையாக வளர்த்தவர் ஒரு தமிழர். எஸ். ஆர். ரங்கநாதன். எஸ் என்ற எழுத்து சீர்காழியைக் குறிக்கும். 1892இல் பிறந்தவர், கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். துளை போட்ட பட்டைகளும் திருகுகளும் கொஞ்சம்தான், ஆனால் அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேனும் வரும், வண்டியும் வரும். புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சின்னச் சின்ன உறுப்புகளாகப் பிரித்துப் பிறகு பூட்டலாமே என்று தோன்றியது அங்கேதான்.

அதற்கு முன் நூலகங்களில் பரவியிருந்தது டியூவி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு. அதில் அறிவுத் துறைகளை முன்கூட்டியே பட்டியல் போட்டு எண் கொடுத்திருப்பார்கள். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு வேறு மாதிரி. ஒரு நூலின் பொருளை முகம் முகமாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் குறியீடு கொடுத்து, அவற்றை முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைப்பது. முகங்களை ஐந்து அடிப்படை வகைகளில் அடக்கினார். எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று எளிமையாகச் சொல்லலாம்.

இணையக் கடையில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை என்று பக்கத்தில் ஒரு வரிசை வருகிறதே, அந்த வடிகட்டிக்கும் அடிப்படை இதே எண்ணம்தான். எனக்கு இது பெரிய ஆச்சரியம். பல்கலையில் தரவுத்தளப் பாடம் எடுத்தபோது யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

இப்போது அமைப்போம்

குழு மென்பொருள்கள் பல இருக்கின்றன. நான் டிஸ்கோர்ஸ் என்பதை வைத்துச் சொல்கிறேன். அது திறந்த மூல மென்பொருள், 2013இல் வந்தது. அதில் டாக்ஸ் என்றொரு செருகுநிரல் உண்டு. அதுதான் அறிவுத் தொகுப்புப் பக்கத்தைத் தருகிறது. வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் யோசனை இதேதான், பொத்தான்கள்தான் மாறும்.

டிஸ்கோர்ஸில் ஒவ்வொரு குறிப்பும் ஒரு தலைப்பு. அது ஒரு பகுதிக்குள் இருக்கும், அதன்மேல் பல டேக் ஒட்டலாம். டாக்ஸ் அமைப்பில் நிர்வாகி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: எந்தப் பகுதிகள் தொகுப்பில் சேர வேண்டும், எந்த டேக் உள்ளவை சேர வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும், குறிப்பு தொகுப்புக்குள் வந்துவிடும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். "கணக்கு" என்ற டேக்கை அங்கே சேர்த்துவிட்டால், எந்த மூலையில் யார் "கணக்கு" என்று ஒட்டினாலும் அது தொகுப்பில் வந்து உட்காரும். அதனால் தொகுப்புக்கென்றே சில பகுதிகளைத் திறந்து, அவற்றை மட்டும் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. பேச்சும் அரட்டையும் வேறு பகுதியில் நடக்கட்டும்.

தொகுப்புப் பக்கத்தில் பகுதிகளும் டேக்குகளும் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும். ஒரு டேக்கைத் தட்டினால் பட்டியல் சுருங்கும். இன்னொன்றைத் தட்டினால் இன்னும் சுருங்கும், ஏனென்றால் இரண்டும் உள்ளவைதான் மிஞ்சும். "முகாம்", பிறகு "கணக்கு", பிறகு "2024". மூன்று தட்டு, தாள் கையில்.

கோப்புறை முறையோடு ஒப்பிட்டு ஒரு சின்னக் கணக்கு. நிகழ்ச்சி வகை 4, தாள் வகை 5, ஆண்டு 6 என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கலவைக்கும் பெட்டி செய்தால் 4 × 5 × 6, அதாவது 120 பெட்டி. டேக் என்றால் 4 + 5 + 6, மொத்தம் 15. அடுத்த ஆண்டு பிறந்தால் கோப்புறையில் 20 புதிய பெட்டி, டேக்கில் ஒன்றே ஒன்று.

ஆனால் டேக்கை இஷ்டத்துக்கு விட்டால் இந்தக் கணக்கு நிற்காது. அதற்குத்தான் டேக் குழு. "ஆண்டு" என்று ஒரு குழு, அதற்குள் 2021 முதல் 2026 வரை. "தாள் வகை" என்று ஒரு குழு, அதற்குள் வழிகாட்டி, பட்டியல், கடிதம், கணக்கு, பாடக்குறிப்பு. ரங்கநாதன் சொன்ன முகம் இதுதான். ஒரு குழுவிலிருந்து ஒரு டேக்தான் ஒட்டலாம் என்று கட்டுப்பாடு போடும் வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஒரு குறிப்பு ஒரே நேரத்தில் கடிதமாகவும் கணக்காகவும் இருந்தால் அதை இரண்டு குறிப்பாகப் பிரிப்பதே நல்லது. அதோடு, ஒரு பகுதியில் புதுக் குறிப்பு எழுதினால் குறிப்பிட்ட குழுவிலிருந்து குறைந்தது ஒரு டேக் கட்டாயம் என்றும் வைக்கலாம். இந்தக் கட்டாயம் இல்லாமல் நான் எந்தத் தொகுப்பையும் தொடங்கச் சொல்ல மாட்டேன். டேக் இல்லாத குறிப்பு வடிகட்டியின் கண்ணுக்குத் தெரியாது. குவியலில் இருக்கும், சலித்தால் வராது.

தேவாரத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஐந்தாம் திருமுறை முழுக்கத் திருக்குறுந்தொகை, ஆறாம் திருமுறை முழுக்கத் திருத்தாண்டகம். அவை பண்ணின் பெயரால் வகுக்கப்பட்டவை அல்ல, பாட்டமைப்பின் பெயரால் வகுக்கப்பட்டவை. "பண்" என்ற குழுவில் இவற்றுக்கு இடம் கொடுக்காமல் விட்டால், பண் வழியாகத் தேடும் பிள்ளைக்கு இரண்டு திருமுறை முழுசாகக் காணாமல் போகும். குறுந்தொகை, தாண்டகம் என்ற பெயர்களையும் அதே குழுவில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. எல்லாப் பொருளுக்கும் எல்லா முகமும் இருக்காது. இல்லாதபோது என்ன போடுவது என்று முன்னாடியே முடிவு செய்யுங்கள்.

ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்துக்கூட்டு

நம் ஊரில் பெரிய தலைவலி இதுதான். ஒருவர் "முகாம்" என்று எழுதுவார். ஒருவர் ஆங்கில எழுத்தில் கேம்ப் என்பார். பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய தாளாக இருந்தால் மலாயில் கெம் என்று இருக்கும். தைப்பூசத்தை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் பத்துப் பேரிடமிருந்து மூன்று நாலு வடிவமாவது வரும். இவை எல்லாம் தனித்தனி டேக்காகப் போனால் தொகுப்பு மறுபடியும் சிதறிவிடும்.

டிஸ்கோர்ஸில் இணைச்சொல் என்ற வசதி இருக்கிறது. "முகாம்" என்பதைத் தலைச்சொல்லாக வைத்து மற்றவற்றை அதன் இணைச்சொற்களாகச் சேர்த்தால், யார் எதைத் தட்டினாலும் "முகாம்" என்றே ஒட்டிக்கொள்ளும். சீர்காழிக்கே பன்னிரண்டு பெயர் உண்டு என்று வகுப்பில் படித்திருப்போம். பிரமபுரம், வேணுபுரம், புகலி, தோணிபுரம், கழுமலம் எல்லாம் அந்த ஊர்தான். இவற்றை இணைச்சொல்லாக்கினால் எந்தப் பெயரில் தேடினாலும் ஊர் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் இதில் ஓர் இழப்பு இருக்கிறது. இணைச்சொல் தலைச்சொல்லாக மாறிவிடுவதால், அந்தப் பதிகம் ஊரை எந்தப் பெயரால் அழைத்தது என்பது டேக்கில் நிற்காது. அது முக்கியம் என்றால் குறிப்பின் உடலில் எழுதி வையுங்கள்.

தலைச்சொல் எந்த மொழியில் இருக்க வேண்டும்? தமிழில்தான் என்று நான் வாதாடினேன். எங்கள் குழுவில் தமிழ்ப்பள்ளியில் படிக்காத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் "நாங்க வாசிக்க முடியாதுல்ல?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தட்டுவதை அவரவர் எழுத்தில் தட்டலாம், ஒட்டுவது தமிழில் ஒட்டும் என்று முடிவானது. மூன்று மாதத்தில் அவர்களில் ஒருவர் டேக்கைப் பார்த்தே "கடிதம்", "பட்டியல்" என்று வாசிக்கப் பழகிவிட்டார். திட்டமிட்டு நடந்தது இல்லை, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த விளைவு.

தமிழ் டேக் வைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டிஸ்கோர்ஸில் ஒரு டேக்கின் நீளம் 20 குறி என்று இயல்பாக வைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். கணினி நம் எழுத்தை நாம் எண்ணுவது போல எண்ணாது. "ணீ" என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ணகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனியாக ஒன்று. "தண்ணீர்ப்பந்தல்" நமக்கு 9 எழுத்து, அதற்கு 15. "திருவெண்ணெய்நல்லூர்" நமக்கு 10, அதற்கு 19. மயிரிழையில் உள்ளே நுழைந்துவிடும். "திருப்பாதிரிப்புலியூர்" நமக்கு 11, அதற்கு 22. உள்ளே போகாது, வால் அறுந்துவிடும். ஆகவே தொடங்குவதற்கு முன்னாடியே அமைப்புக்குப் போய் அந்த எண்ணைக் கூட்டிவிடுங்கள். ஒரு தலைப்புக்கு 5 டேக் என்ற இயல்பான வரம்பும் உண்டு. தேவாரக் குறிப்புக்கு ஆசிரியர், தலம், பண், திருமுறை ஆகிய நான்கே இடத்தை நிரப்பிவிடும், மிச்சம் ஒன்று. அந்த ஒன்றை எதற்கு வைக்க வேண்டும் என்று அடுத்துச் சொல்கிறேன்.

நடப்பா, பழசா?

மூன்று நாள் முகாமுக்குச் சமையல் பட்டியல் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் ஞாயிறு காலை நாசி லெமாக், கூடவே வறுத்த கச்சான். பிறகு கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒருவன் வரத் தொடங்கியதால் பட்டியலைத் திருத்திப் புதிதாக எழுதி வைத்தார்கள். பழைய பட்டியலையும் யாரும் அழிக்கவில்லை. அடுத்த முகாமில் சமையலுக்குப் புதிதாக வந்த தம்பி "சமையல் பட்டியல்" என்று தேடினான். முதலில் வந்தது பழையது. சனிக்கிழமை ராத்திரி ஒரு மூட்டைக் கச்சானை வறுக்க எடுத்து வைத்தாயிற்று. சமையல் பொறுப்பு அக்கா உள்ளே வந்து பார்த்து, "இது யாருப்பா எடுத்தது? அந்தப் பையன் வந்திருக்கான்ல!" என்றார். அதோடு அது நின்றது. அக்கா வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

தம்பி மேல் தப்பில்லை. அவன் தேடினான், கிடைத்தது, அதன்படி செய்தான். இரண்டு தாளும் ஒரே மாதிரி நின்றதுதான் கோளாறு. ஆகவே ஐந்தாவது இடம் "நிலை" என்ற குழுவுக்கு. அதில் இரண்டே டேக்: நடப்பு, பழையது. இதிலும் ஒன்றுதான் ஒட்டலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. புதியதை எழுதுகிறவரே பழையதின் டேக்கை மாற்ற வேண்டும், அதன் முதல் வரியில் புதியதற்கு இணைப்பும் கொடுக்க வேண்டும். பழையதை அழிக்க வேண்டாம். எதை ஏன் மாற்றினோம் என்று நாளைக்குக் கேட்டால் காட்ட வேண்டுமே.

ஆண்டு டேக் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். 2022இல் எழுதின முதலுதவி வழிகாட்டி இன்றைக்கும் நடப்பாக இருக்கலாம். போன மாசம் எழுதின பட்டியல் இந்த மாசம் பழசாகலாம். ஆண்டு என்பது எப்போது எழுதினது என்று மட்டும்தான் சொல்லும்.

வடிகட்டிய பக்கத்தின் முகவரியை அப்படியே எடுத்து மற்றவருக்கு அனுப்பலாம் என்பது டாக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. "முகாம்", "பட்டியல்", "நடப்பு" மூன்றையும் தட்டி, வரும் முகவரியைச் சமையல் குழுவின் வாட்ஸ்அப்பில் மேலே பொருத்தி வையுங்கள். புதிதாக வருகிறவர் தேடவே தேவையில்லை. நாளைக்குப் பட்டியல் மாறினாலும் அதே முகவரி புதியதையே காட்டும். தேவார ஆசிரியருக்குத் தலவாரியாக ஒன்று, பண்வாரியாக ஒன்று. பொருளாளருக்குக் கணக்கு மட்டும். ஒரே குவியல்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு.

வடிகட்டி பூட்டு அல்ல

இதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். டேக்கைத் தட்டாதவருக்கு ஒரு குறிப்பு தெரியவில்லை என்பதால் அது மறைந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தேடுபெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால் வந்துவிடும். டிஸ்கோர்ஸில் சில டேக்குகளைக் குறிப்பிட்ட குழுவினர் மட்டும் பார்க்கும்படி செய்யலாம். அப்போது மறைவது டேக்தான், குறிப்பு இல்லை.

குறிப்பையே மறைக்க வேண்டும் என்றால் அதைத் தனிப் பகுதியில் வைத்து, அந்தப் பகுதியை யார் பார்க்கலாம் என்ற அனுமதியை மாற்ற வேண்டும். முகாமுக்கு வரும் பிள்ளைகளின் அடையாள அட்டை எண், பெற்றோரின் கைப்பேசி எண், நோய் விவரம் எல்லாம் அந்த மாதிரி விஷயங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான சமையல் பட்டியல் எல்லாருக்கும் தெரியலாம். அந்தப் பையனின் பெயர் தெரிய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் பெயர் உள்ள தாள்களை அறிவுத் தொகுப்பில் வைக்கவே வேண்டாம். முகாம் முடிந்ததும் பொறுப்பாளர் அவற்றை அழித்துவிடுவதே முறை.

தொடங்குகிறவர்கள் இருக்கிற எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். கடந்த ஓராண்டில் வாட்ஸ்அப்பில் யாராவது கேட்ட இருபது தாளை மட்டும் எடுங்கள். அவற்றைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் யார் என்ன சொல்லித் தேடுவார் என்று நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவரையும் கட்டாயம் உட்கார வையுங்கள், அவர் சொல்லும் சொல்தான் சரியான சொல். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். அந்தச் சொற்களிலிருந்து குழுக்கள் தானாகத் தெரியும். அதன்பின் மென்பொருளைத் திறங்கள்.